'விரைவில் தொடங்கும்' என்றால் எப்போது? – வாசகர் கேள்வி பதில்

கிளினிக்கல் டிரையல், அதாவது மருந்துகளை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டதால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

என் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். அவர் சிகிச்சை பெறும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 'விரைவில் தொடங்கவுள்ள ஆய்வுகள்' என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று அவருடைய நோய்க்கே உரியது. ஆனால் மாதக்கணக்காக அது 'விரைவில்' என்றே இருக்கிறது. கீமோவைத் தள்ளிப்போட்டுவிட்டுக் காத்திருக்கலாமா?

வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

அந்தப் பட்டியலில் ஒரு பெயர் ஏறுவதற்கும் முதல் நோயாளிக்கு முதல் டோஸ் போவதற்கும் நடுவில் பெரிய வேலை இருக்கிறது. ஆய்வுத் திட்டத்தை, பங்கேற்பவர்களின் நலனைப் பாதுகாக்கும் நெறிமுறைக் குழு படித்துக் கேள்வி கேட்கும், திருத்தச் சொல்லும். புது மருந்து என்றால் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அனுமதி தர வேண்டும். அப்புறம் மருந்து நிறுவனத்துக்கும் மருத்துவமனைக்கும் ஒப்பந்தம், பங்கேற்பவர்களுக்கான காப்பீடு, மருந்து வந்து சேர்வது, நர்ஸ்களுக்கும் லேப் ஆட்களுக்கும் பயிற்சி என்று ஒவ்வொன்றும் அதனதன் வேகத்தில்தான் நகரும். சில ஆய்வுகள் ஒரே ஒரு ஆளைக்கூடச் சேர்க்காமல் கைவிடப்படுவதும் உண்டு, பணம் நின்றுபோனாலே போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில ஆய்வுகள் இதுவரை எந்தச் சிகிச்சையும் எடுக்காதவர்களைத்தான் சேர்க்கும், சில ஆய்வுகள் ஏற்கெனவே ஒரு சிகிச்சை எடுத்து அது பலன் தராமல் போனவர்களை மட்டும் கேட்கும், பல ஆய்வுகளில் கடைசி கீமோவுக்கும் ஆய்வு மருந்துக்கும் நடுவில் சில வாரம் இடைவெளி இருக்க வேண்டும் என்று விதி இருக்கும். அதனால் இப்போது எடுக்கும் சிகிச்சையே அப்பாவைத் தகுதியுள்ளவராக ஆக்கலாம், தகுதி இழக்கவும் வைக்கலாம். எது என்று அந்த ஆய்வின் ஒருங்கிணைப்பாளரால்தான் சொல்ல முடியும், பட்டியலில் பெரும்பாலும் அவருடைய தொடர்பு விவரம் இருக்கும். கேட்கும்போது பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டையும், ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணு மாற்றப் பரிசோதனை செய்திருந்தால் அதன் ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் புற்றுநோயில் இப்போது பல ஆய்வுகள் இந்த மாற்றங்களை வைத்துத்தான் ஆள் எடுக்கின்றன.

சேர்ந்தபிறகு எனக்கு வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? நோயாளியை ஏமாற்றுவது இல்லையா அது?

உங்களுக்குத் தெரியாமல் கொடுத்தால் ஏமாற்றுதான். ஒப்புதல் படிவத்திலேயே 'உங்களுக்குப் போலி மாத்திரை (மருந்தே இல்லாத மாத்திரை) கிடைக்கலாம்' என்று எழுதி, நீங்கள் படித்து ஒத்துக்கொண்டபிறகு கொடுத்தால் அந்தக் கதை வேறு. நல்ல சிகிச்சை ஏற்கெனவே இருக்கிற கடுமையான நோய் என்றால் யாரையும் வெறும் மாவு மாத்திரையோடு விட்டுவிட மாட்டார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சையோடு புது மருந்து, இன்னொரு குழுவுக்கு அதே சிகிச்சையோடு போலி மருந்து என்றுதான் பொதுவாக வைப்பார்கள். போலி மருந்தே இல்லாமல் பழைய மருந்தையும் புது மருந்தையும் நேருக்கு நேர் மோதவிடும் ஆய்வுகளும் ஏராளம்.

ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் நினைப்பைத்தான் நான் பேச விரும்புகிறேன். புது மருந்து கிடைத்தவருக்கு அதிர்ஷ்டம், மற்றவருக்கு நஷ்டம் என்று நாமாகவே வைத்துக்கொள்கிறோம். அது உறுதியாகத் தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லையே! 1980களில் மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகாமல் இருக்கச் சில மருந்துகள் தாராளமாகக் கொடுக்கப்பட்டன. ஈசிஜியில் துடிப்பு சீரானது கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் உயிரும் பிழைக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த மருந்துகளை வைத்து அமெரிக்காவில் 'காஸ்ட்' என்ற ஆய்வை நடத்தினார்கள். அவற்றில் என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற இரண்டை எடுத்தவர்கள்தான் போலி மாத்திரை எடுத்தவர்களைவிட அதிகமாக இறந்தார்கள் என்று 1989இல் தெரியவந்தது, ஆய்வில் அந்த இரண்டு மருந்துகளுக்கான பகுதியை உடனே நிறுத்தினார்கள். அங்கே மாவு மாத்திரை கிடைத்தவர்களில்தான் அதிகம் பேர் பிழைத்தார்கள். இப்படி நடுவில் கணக்குப் பார்த்து 'நிறுத்து' என்று சொல்வதற்காகவே பெரிய ஆய்வுகளில் தனியாக ஒரு கண்காணிப்புக் குழு இருக்கும்.

முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று போட்டிருக்கிறார்களே, எதில் சேர்ந்தால் நல்லது?

கட்டம் என்பது தரவரிசை அல்ல, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்வி. முதல் கட்டத்தில் பாதுகாப்பும் டோஸும்தான் கேள்வி, சில பத்துப் பேர் இருப்பார்கள். பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள், புற்றுநோய் மருந்து என்றால் நோயாளிகளே. இரண்டாம் கட்டத்தில் மருந்து வேலை செய்கிற அறிகுறி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவதில் நூற்றுக்கணக்கில், சிலசமயம் ஆயிரக்கணக்கில் ஆட்களைச் சேர்த்து, இப்போதுள்ள சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். நான்காவது, மருந்து விற்பனைக்கு வந்தபிறகு. முதல் கட்டத்தில் நுழையும் மருந்துகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் கடைசியில் அனுமதி பெறுகிறது. அதனால் முதல் கட்ட ஆய்வில் குணமாகிவிடலாம் என்ற ஒரே நம்பிக்கையில் சேர்பவர்களை நான் கொஞ்சம் பிடித்து நிறுத்தவே பார்ப்பேன்.

ஆபத்து இல்லையா என்று கேட்டால், உண்டு. 2006இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை முதன்முதலாக மனிதர்களுக்குச் செலுத்தியபோது, மருந்து பெற்ற 6 ஆரோக்கியமான இளைஞர்களும் சில மணி நேரத்தில் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். இத்தனைக்கும் விலங்குகள் தாங்கிய அளவில் 500இல் ஒரு பங்குதான் அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஆறு பேரும் உயிர்பிழைத்தார்கள். சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஊசி போட்டதுதான் பெரிய தவறு. அதற்குப்பிறகு முதல் ஆளுக்குக் கொடுத்து, காத்திருந்து பார்த்துவிட்டே அடுத்தவருக்குக் கொடுப்பது என்ற நடைமுறை இறுக்கமாக்கப்பட்டது.

எனக்கு வயது 71, சர்க்கரையும் இருக்கிறது. கிரியாட்டினின் கொஞ்சம் அதிகம் என்று சொல்லி என்னைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். நாங்கள் எல்லாம் மனிதர்கள் இல்லையா?

உங்கள் கோபம் நியாயம்தான். ரத்தத்தில் கிரியாட்டினின் அதிகமானால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தமாகலாம், சிறுநீரகம் மருந்தை வெளியேற்ற முடியாமல் அது உடம்பில் தங்கிவிட்டால் ஆபத்து, அதனால் அந்த விதி உங்கள் பாதுகாப்புக்கு என்பது உண்மை. ஆனால் கடைசியில் அந்த மருந்தை வாங்கிச் சாப்பிடப்போவது பெரும்பாலும் உங்களைப் போல வயதான, நாலு நோயோடு இருப்பவர்கள்தான். சோதித்ததோ ஐம்பது வயது திடகாத்திரமான ஆட்களிடம்! இந்தக் குறை மருத்துவ உலகத்துக்குள்ளேயே பல காலமாகப் பேசப்படுகிறது, மாற்றம் மெதுவாகத்தான் வருகிறது. ஒரு ஆய்வில் மறுத்தால் எல்லாவற்றிலும் மறுத்ததாக அர்த்தமில்லை, வேறொரு ஆய்வின் வரம்பு வேறாக இருக்கும். எந்த விதியால் மறுத்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட்டபிறகு நடுவில் விலகலாமா?

தாராளமாக. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வழக்கமான சிகிச்சையையும் அதற்காக நிறுத்தக்கூடாது. ஆனால் மாத்திரையைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடாதீர்கள், சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கடைசியாக ஒருமுறை போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது உங்களுக்குத்தான் நல்லது.

எனக்குச் சிகிச்சை தரும் பேராசிரியரே ஆய்வையும் நடத்துகிறார். அவர் கேட்கும்போது எப்படி மறுப்பது?

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது எப்போதும் உள்ள சங்கடம். அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. ஆனால் சிகிச்சை தரும்போது அவருக்கு நீங்கள் மட்டும்தான் முக்கியம், ஆய்வு நடத்தும்போது அந்தக் கேள்விக்கு விடை கிடைப்பதும் முக்கியம். அமெரிக்காவில் டஸ்கீகி என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் உள்ள கறுப்பின ஆண்களை, அதைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்தபிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று சும்மா கவனித்துக்கொண்டிருந்தார்கள். சிகிச்சை நடப்பதாகத்தான் அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். இன்று நெறிமுறைக் குழு, ஒப்புதல் படிவம் என்று இத்தனை கெடுபிடி இருப்பதற்கு இப்படிப்பட்ட சம்பவங்களும் காரணம்.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. 'இந்த ஆய்வே இல்லையென்றால் எனக்கு என்ன சிகிச்சை தருவீர்கள்?' என்று நேராகக் கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை இதைவிட நல்ல கேள்வி கிடையாது. பதில் தெளிவாக வந்தால் இரண்டையும் ஒப்பிட்டு முடிவெடுக்கலாம், மழுப்பலாக வந்தால் ஆய்வில் இல்லாத இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டு வரலாம். மருந்து பலன் தந்தால் ஆய்வு முடிந்தபிறகும் கிடைக்குமா, பக்கவிளைவு வந்தால் செலவு யாருடையது என்பதும் படிவத்தில் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்வார்த்தை போதாது.

ஆய்வு முடிந்தால் முடிவை எங்களுக்குச் சொல்வார்களா?

தானாகச் சொல்வது குறைவு. சேரும்போதே 'முடிவு வந்ததும் எனக்குத் தெரிவியுங்கள்' என்று கேட்டு, படிவத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஆய்வின் பதிவு எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளைப் பதிவுசெய்யும் இணையப் பதிவேடுகளில் அமெரிக்காவினுடையது 2000இலும் இந்தியாவினுடையது 2007இலும் பொதுமக்கள் பார்க்கும்படி தொடங்கப்பட்டன, வேறு பல நாடுகளிலும் இருக்கின்றன. அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஆள் சேர்க்கிறார்களா, நிறுத்திவிட்டார்களா, முடித்துவிட்டார்களா என்பது தெரியும். முதல் கேள்வி கேட்டவரும் மருத்துவமனைப் பட்டியலைவிட இதையே பார்க்கலாம், ஆனால் அங்கேயும் கடைசியாக எந்தத் தேதியில் விவரத்தைப் புதுப்பித்தார்கள் என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.