நெதர்லாந்து ஆபீசில் "பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள்

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். புதிதாக வந்தவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் கீழே.

கேள்வி: அண்ணா, சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. என்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் "இது சரிப்பட்டு வராது" என்றான். என்மேல் என்ன கடுப்பு?

பதில்: கடுப்பெல்லாம் இல்லை தம்பி. அவன் பேசியது உங்கள் டிசைனைப் பற்றி. முதல் வருடம் நான் நாற்பது ஸ்லைடோடு போய் நின்றேன். இரண்டாவது ஸ்லைடிலேயே மேனேஜர் கையைக் காட்டி, "இதெல்லாம் எதற்கு? முடிவைச் சொல்லுங்கள்" என்றார். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. மறுநாள் காலை காபி மெஷின் பக்கத்தில் அவரே எனக்கும் ஒரு கப் எடுத்து நீட்டி, சனிக்கிழமை சைக்கிளில் எங்கே போகலாம் என்று பேச்சுக் கொடுக்கிறார். முந்தைய நாள் நடந்தது அவர் நினைவிலேயே இல்லை.

நாம் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். மறுக்கச் சங்கடப்பட்டு "பார்க்கலாம்", "முயற்சி பண்றேன்" என்போம். அவர்கள் அதை "செய்துவிடுவார்" என்று எழுதிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடியாமல் நின்றால், நிஜமான கோபம் அப்போதுதான் வரும். முடியாததை அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர்கள், ஒரு முடிவெடுக்க ஏன் நான்கு மீட்டிங் போடுகிறார்கள்?

பதில்: எல்லாரையும் கேட்காமல் எடுத்தால் அது முடிவே இல்லை என்பது இங்கே வழக்கம். 'போல்டர் மாடல்' என்பார்கள். போல்டர் என்றால் கரைகட்டி, நீரை இறைத்து எடுத்த நிலம். கரை உடைந்தால் பணக்காரன் வயலும் ஏழை வயலும் சேர்ந்துதான் மூழ்கும். உட்கார்ந்து பேசாமல் வேறு வழி கிடையாது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். இந்தக் கரைகளையும் நீரையும் கவனிக்கும் நீர் வாரியங்களுக்கு இன்றும் தனித் தேர்தல் உண்டு. 1982-இல் வாசெனார் என்ற ஊரில் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் உட்கார்ந்து, சம்பள உயர்வை அடக்கி வேலை நேரத்தைக் குறைக்க ஒத்துக்கொண்டதும் இதே பாணிதான். மூன்று மீட்டிங்கில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு நான்காவதில் ஆட்சேபம் சொன்னால் முறைப்பார்கள்.

கேள்வி: மேனேஜரை "சார்" என்று கூப்பிடலாமா?

பதில்: வேண்டாம், பேர் சொல்லுங்கள். டச்சிலும் நீ, நீங்கள் மாதிரி 'யே', 'ஊ' உண்டு. ஆபீசில் பெரும்பாலும் 'யே'தான். எனக்கு வாய் வர ஆறு மாதம் பிடித்தது.

கேள்வி: என் பிறந்தநாள் என்று தெரிந்தும் டீமில் ஒருத்தர்கூட கேக் வாங்கவில்லை.

பதில்: எப்படி வாங்குவார்கள்? இங்கே பிறந்தநாள்காரர்தான் எல்லாருக்கும் கேக் கொண்டுபோக வேண்டும். நாளைக்கே எடுத்துப் போங்கள், தாமதமானாலும் பரவாயில்லை. வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டால் வட்டமாக நாற்காலி போட்டிருப்பார்கள். பிறந்தநாள்காரரோடு நிறுத்தாமல் அவர் அம்மா, மச்சான் என்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை பிறந்தநாள்காரரின் மாமியாருக்கு "உங்கள் மருமகன் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறந்தநாள் குறித்த காலண்டர் பல வீடுகளில் கழிப்பறைச் சுவரில் தொங்கும். அதில் கிழமை இருக்காது; வருடாவருடம் அதே காலண்டர்தான். நம் 'கக்கூஸ்' டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பதால், அங்கே நிற்கும்போது கொஞ்சம் சொந்த ஊர் ஞாபகம் வரும்.

கேள்வி: பக்கத்து வீட்டம்மா சாயங்காலம் எட்டு மணிக்குக் காபிக்கு வரச் சொன்னார். சாப்பாடும் இருக்குமா சார்?

பதில்: இருக்காது. அவர்கள் ஆறு மணிக்கே சாப்பிட்டு முடித்திருப்பார்கள். நீங்களும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். காபியோடு ஒரு பிஸ்கட் வரும். இரண்டாவது வரும் என்று டப்பாவைப் பார்க்காதீர்கள். எட்டு என்றால் எட்டு. பதிலுக்கு நீங்கள் அழைக்கும்போது தேதி குறித்துச் சொல்லுங்கள். "எப்ப வேணா வாங்க" என்றால் வரவே மாட்டார்கள்.

கேள்வி: நண்பன் ஹோட்டலுக்குக் கூட்டிப்போனான். மறுநாள் போனில் 11 யூரோ 40 கேட்டு லிங்க் அனுப்பியிருக்கிறான். அவமானமாக இருக்கிறது.

பதில்: அதற்கு டிக்கி என்று பேர், 2016-இல் வந்த ஆப். கட்டிவிடுங்கள். அடுத்த முறை நீங்களும் அனுப்புங்கள், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

கேள்வி: வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசிலேயே பீர் பார்ட்டி. நான் குடிக்க மாட்டேன், சைவம் வேறு. போகாமல் இருந்துவிடலாமா?

பதில்: போங்கள், ஆரஞ்சு ஜூஸோடு ஒரு மணி நேரம் நின்றால் போதும். ஏன் குடிக்கவில்லை என்று நச்சரிக்க மாட்டார்கள். ஆனால் போண்டா மாதிரி உருண்டையாக ஒன்று தட்டில் வரும், பிட்டர்பாலன். உள்ளே பெரும்பாலும் மாட்டிறைச்சி. கேட்டுவிட்டு எடுங்கள். காஸ்டெங்கல் என்றால் சீஸ், அதைச் சாப்பிடலாம். சுடச்சுடக் கடிக்காதீர்கள்; வெளியே ஆறியிருந்தாலும் உள்ளே கொதிக்கும்.