புகை விஸ்கி கேள்வி பதில்: சூளை, மூக்கு, இரண்டு சொட்டுத் தண்ணீர்

பீட் புகையேறிய சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி) பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பிளெண்டட், போர்பன், எந்த ஊரில் என்ன விலை என்பதெல்லாம் என்னிடம் வேண்டாம். குடி கையை மீறிப் போகிறது என்று தோன்றுபவர்கள் இதை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கே: அண்ணே, முதல் தடவை லஃப்ராய்க் 10 குடித்தேன். டிஞ்சர் நனைத்த பஞ்சு வாசம், ஆஸ்பத்திரி வார்டு வாசம். போலிச் சரக்கா? (கோவை)

ப: போலி இல்லை தம்பி. லஃப்ராய்க் ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கி, 10 என்பது பீப்பாயில் முதிர்ந்த வருடம். உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

பார்லியை ஊறவைத்து முளைகட்டுவார்கள். முளை மேலும் வளர்ந்தால் மாவுச்சத்தைத் தின்றுவிடும் என்பதால் சூளையில் போட்டு உலர்த்துவார்கள். அப்படி உலர்ந்ததுதான் மால்ட். அந்தச் சூளையில் பீட்டை எரிக்கும்போதுதான் புகை வாசம் ஏறுகிறது. பீட் என்பது சதுப்பில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரைகுறையாக மட்கிக் கிடக்கும் பாசியும் புல்லும் புதரும். பார்லி ஈரமாக இருக்கும் வரைதான் புகை நன்றாக ஒட்டும். அதனால் முதலில் பீட் புகை, அப்புறம் வெறும் சூடான காற்று.

ஒட்டுவது பீனால் குடும்பத்துப் பொருட்கள். குவாயகால் விறகடுப்பு வாசம் தரும். கிரெசால் தார், மருந்து வாசம் தரும். கிருமிநாசினிகளிலும் கிரெசால் உண்டு, அதனால்தான் உங்களுக்கு வார்டு ஞாபகம் வந்தது.

இப்போது குடிக்கும் முறை. வாய் குறுகிய டியூலிப் கிளாஸில் 30 மில்லி ஊற்றி, பத்து நிமிடம் சும்மா வையுங்கள். ஒயினைப் போல மூக்கை உள்ளே நுழைக்காதீர்கள். வாயை லேசாகத் திறந்தபடி விளிம்பிலிருந்து முகருங்கள். முதல் மடக்கு நாக்கைப் பழக்குவதற்கு மட்டும், அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். இரண்டாவது மடக்கில் புகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். லஃப்ராய்க்கில் வெனிலா இனிப்பு ஒன்று ஒளிந்திருக்கும். அது கிடைத்துவிட்டால் மருந்து வாசம் தொந்தரவு செய்யாது.

கே: ஐஸ் போடலாமா?

ப: போடலாம். ஆனால் குளிர்ந்தால் வாசம் அடங்கிவிடும். வாசத்துக்காகத்தானே இதை வாங்கினீர்கள்?

கே: தண்ணீர் கலந்தால் புகை குறையாதா சார்?

ப: பெரும்பாலும் எடுப்பாகத் தெரியும். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இருவர் 2017-இல் கணினி வழியாக இதை ஆராய்ந்தார்கள். ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருந்தால் குவாயகாலை எத்தனால் சூழ்ந்துகொண்டு உள்ளே இழுத்துவிடுகிறது. 45 சதவீதமோ அதற்குக் கீழோ வந்தால் குவாயகால் மேற்பரப்புக்கு, அதாவது மூக்குக்குப் பக்கத்தில், வந்து நிற்கிறது. காஸ்க் ஸ்ட்ரெங்த் (பீப்பாயிலிருந்து தண்ணீர் சேர்க்காமல் அடைத்த) விஸ்கிக்கு ஒரு டீஸ்பூன் தண்ணீர்கூட தைரியமாக ஊற்றலாம். 40, 43 சதவீதத்துக்கு இரண்டு சொட்டு போதும். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு தடவை முகருங்கள்.

கே: ஆக்டோமோர் 8.3 என்றால் 309 பிபிஎம்மாமே? லஃப்ராய்க்கைவிட ஏழு மடங்கு புகையா?

ப: இல்லை. எண்ணைப் பார்த்து பாட்டில் வாங்காதீர்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பீனால் என்ற கணக்கு. அது அளக்கப்படுவது உலர்ந்த மால்ட்டில், பாட்டிலில் அல்ல. அரைப்பதில், வடிப்பதில், பீப்பாயில் என்று வழியெல்லாம் பீனால் குறைந்துகொண்டே வரும்.

ஐலாவின் லகவூலின், கல் ஈலா ஆலைகளைப் பாருங்கள். இரண்டுக்கும் மால்ட் போர்ட் எலன் மால்ட்டிங்ஸ் என்ற மால்ட் ஆலையிலிருந்து, இரண்டும் சுமார் 35 பிபிஎம். ஆனால் லகவூலின் கனமாக, கரும்புகையாக நிற்கும். கல் ஈலா எலுமிச்சைத் தோல் மாதிரி மெலிதாகப் போகும். காரணம் வடிகலனும் வடிக்கும் விதமும். இரண்டாவது வடிப்பில் முன்னால் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி நடுப்பகுதியை மட்டும் பீப்பாய்க்கு எடுப்பார்கள். புகைப் பொருட்களில் பெரும்பங்கு பிற்பகுதியில்தான் வரும். எந்த நிமிடத்தில் குழாயைத் திருப்புகிறார்கள் என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. ஆர்ட்பெக் ஆலையில் கனமான ஆவியைத் திரும்பப் பானைக்குள் அனுப்பும் ஒரு குழாயும் உண்டு. 50 பிபிஎம்முக்கு மேற்பட்ட மால்ட்டில் செய்தும் அது இவ்வளவு சுத்தமாக இருப்பதில் அந்தக் குழாய்க்கும் பங்கு உண்டு.

கே: ஐலா தீவில் கடல்காற்று பீப்பாய்க்குள் போவதால்தான் அந்த அயோடின், உப்பு வாசம். நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே? (தூத்துக்குடி)

ப: நம்பாததால் சொல்லவில்லை. அந்த வாசத்துக்குக் காரணம் சூளை.

கே: கடற்கரையில் வளர்ந்தவன் நான். கடல் வாசம் எனக்குத் தெரியும். ஐலாவில் போமோர் ஆலையின் கிடங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? (அதே தூத்துக்குடி நண்பர்)

ப: சரி, விரிவாகவே பேசுவோம். போமோரின் முதல் எண் கிடங்கு அப்படி இருப்பது உண்மை. அதே ஐலாவில் புன்னஹாவன் ஆலையும் கடலை ஒட்டித்தான் நிற்கிறது. அதன் 12 வயது விஸ்கியில் பீட் புகை கிடையாது, மருந்து வாசமும் கிடையாது. போமோருக்கு எதிர்க்கரையில், அதே கடல்காற்றில் இருக்கும் ப்ரூக்லாடியின் கிளாசிக் லாடியும் அப்படித்தான். காற்றுதான் காரணமென்றால் இவற்றிலும் அயோடின் அடிக்க வேண்டுமே?

இன்னொரு பக்கம் கல் ஈலா. அதன் சரக்கில் பெரும்பகுதி டேங்கரில் ஏறி, ஸ்காட்லாந்தின் உள்நிலப் பகுதிக் கிடங்குகளில்தான் முதிர்கிறது. அதைக் குடித்துவிட்டுத்தான் பலரும் கடல், சிப்பி என்று எழுதுகிறார்கள். கடலே இல்லாத பெங்களூரில் முதிரும் அம்ருத் பீட்டட் இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வரும் புகையேற்றிய பார்லியில் செய்கிறார்கள். புகையும் மருந்தும் அதில் நன்றாகவே தெரியும்.

கே: அப்போ ஊருக்கு ஊர் வித்தியாசமே இல்லையா? மண்ணுக்கு ஒன்றும் கிடையாதா?

ப: உண்டு, அது பீட்டில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடக்கே ஓர்க்னி தீவுகளில் மரம் அரிது. அங்கே பீட் பெரும்பாலும் ஹெதர் செடி மட்கியது. அங்குள்ள ஹைலேண்ட் பார்க் விஸ்கியின் புகை தேன், பூ வாசத்தோடு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். எந்தச் செடி மட்கியதோ அதற்கேற்ப எரியும் புகையும் மாறும். உப்பு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்: உப்பு ஆவியாகி வடிகலனைத் தாண்டி வராது. நாக்கில் உப்பு போலத் தெரிவது எனக்கும் தெரிகிறது. அதைக் கடலுக்கு எழுதிக்கொடுத்தால் சூளையில் நின்று வேலை செய்பவரின் உழைப்பை மறைத்துவிடுகிறோம். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கே: சோடா கலக்கலாமா? / கோலா கலக்கலாமா? / ஐஸ் போடலாமா?

ப: ஐஸுக்கு மேலே பதில் இருக்கிறது. சோடா: டாலிஸ்கர் விஸ்கியோடு, மேலே கொஞ்சம் மிளகு தூவி, வெயில் காலத்துக்கு நன்றாக இருக்கும். கோலா: வேண்டாம்.

கே: புகை பிடிக்குமா என்றே தெரியாது. எதில் தொடங்குவது? (டொராண்டோ)

ப: ஹைலேண்ட் பார்க் 12, பிறகு டாலிஸ்கர் 10, பிறகு கல் ஈலா 12. இந்த மூன்றும் பிடித்தால் லகவூலின் 16, ஆர்ட்பெக் 10. பாட்டிலாக வாங்க வேண்டாம். பாரில் ஒரு பெக் போதும். ஒரே இரவில் வரிசையாகக் குடித்தால் மூக்கு மரத்துப்போகும், ஒன்றும் கற்க முடியாது.

கே: வயது கூடினால் புகையும் கூடுமா?

ப: குறையும். இளசில்தான் புகை முரட்டுத்தனமாக இருக்கும். வருடம் போகப் போகப் பழமும் மரமும் முன்னால் வரும்.

கே: தொட்டுக்கொள்ள என்ன? நெத்திலிக் கருவாடு ஒத்துப்போகுமா?

ப: பிரமாதமாக. ஐலாவில் சிப்பியின் மேலேயே விஸ்கியை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். கருவாட்டை மொறுமொறுப்பாக வறுங்கள், மிளகாய்த்தூள் மட்டும் வேண்டாம். காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் நாக்கு எரிந்து வேறெதுவும் தெரியாது. நீலப் பூசணம் ஓடிய ராக்ஃபோர் சீஸ் கிடைத்தால் லகவூலினோடு ஒரு துண்டு வையுங்கள்.

கே: சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறேன். ஒரு பெக் பரவாயில்லையா?

ப: உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். என்னிடம் வேண்டாம்.

கே: பாட்டிலைப் படுக்க வைக்கலாமா? எத்தனை நாள் தாங்கும்?

ப: நிற்க வையுங்கள், படுத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். திறக்காதது கெடாது, பாட்டிலுக்குள் முதிரவும் செய்யாது. திறந்து பாதிக்குக் கீழே போனால் முதலில் மங்குவது புகைதான். சில மாதங்களில் முடித்துவிடுங்கள், அல்லது சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

கே: எனக்கு 200 பிபிஎம்முக்கு மேலே ஒன்று சொல்லுங்கள்.

ப: மேலே படியுங்கள்.

கே: புன்னஹாவனும் கல் ஈலாவும் வாங்கிவிட்டேன். இரண்டையும் வைத்துப் பார்க்கிறேன். எப்படிச் செய்தால் நியாயமாக இருக்கும்? (தூத்துக்குடி)

ப: ஒரே மாதிரி கிளாஸ், ஒரே அளவு, தலா இரண்டு சொட்டுத் தண்ணீர். வீட்டில் வேறு யாரையாவது ஊற்றச் சொல்லுங்கள், எது எது என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. முதலில் புகையைப் பற்றிப் பேசாதீர்கள், அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். உப்பு எதில் தெரிகிறது என்று மட்டும் எழுதி வையுங்கள். புன்னஹாவனில் உப்பும் கல் ஈலாவில் உப்பில்லாமலும் வந்தால் எனக்குச் சொல்லுங்கள், மறுபடி பேசலாம்.