மேடைக்குப் பின்னால் ஏழு தெருக்கள்

கேள்வி: இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். பக்கத்து ஊரான விச்சென்சாவுக்குப் போய், அங்குள்ள பழைய நாடக அரங்கான தியாத்ரோ ஒலிம்பிகோவைப் பார்த்தேன். மேடைச் சுவரின் வாசல்கள் வழியாகத் தெரிந்த தெருக்கள் நூறடிக்கு மேல் நீள்வதுபோல் இருந்தன. ஓரமாக நகர்ந்து உட்கார்ந்ததும் நடுத்தெரு கோணலாகிவிட்டது. அவை எப்படிக் கட்டப்பட்டவை? உள்ளே நடக்க ஏன் விடுவதில்லை?

பதில்: அந்தத் தெருக்கள் மரத்தாலும் சுதையாலும் ஆனவை. உண்மையான ஆழம் கண்ணுக்குத் தெரிவதைவிட மிகக் குறைவு. தரை உள்ளே போகப்போக மேலே ஏறுகிறது. வீடுகளின் கூரை விளிம்பு கீழே இறங்குகிறது. இருபக்கச் சுவர்களும் நெருங்கி வருகின்றன. சன்னல், தூண், சிலை எல்லாம் அதே விகிதத்தில் சிறுத்துக்கொண்டே போவதால், கண் அதைத் தூரம் என்று எடுத்துக்கொள்கிறது. வளர்ந்த ஆள் ஒருவர் கோடிவரை நடந்தால் மாடி சன்னலுக்கு மேல் அவர் தலை நிற்கும். மாயம் அத்தோடு போய்விடும். நடிகர்கள் முன்மேடையிலேயே நிற்பதற்கு அதுதான் காரணம். பார்வையாளர்களை விடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: 1585-இல் வைத்த அரங்க அமைப்பு இன்னும் கலைக்கப்படாமல் நிற்கிறது, மிதித்தால் தாங்காது.

நீங்கள் ஓரத்துக்கு நகர்ந்தபோது நடுத்தெருவை மட்டுமே பார்த்திருக்கிறீர்கள். வாசல்கள் 5, தெருக்கள் 7. பெரிய நடுவாசலில் மட்டும் 3 தெருக்கள் விரிகின்றன. மற்ற நான்கிலும் ஒவ்வொன்று. எந்த இருக்கையிலிருந்து பார்த்தாலும் ஒரு தெருவாவது நேராகத் தெரியும்படி அவற்றின் திசையை அமைத்திருக்கிறார்கள். அரங்கை வரைந்த கட்டடக் கலைஞர் பல்லாடியோ 1580-இல் வேலை தொடங்கிய சில மாதங்களிலேயே இறந்துபோனார். தெருக்களை அமைத்தவர் இன்னொரு கட்டடக் கலைஞரான ஸ்கமோட்சி. 1585 மார்ச் 3-ஆம் தேதி அரங்கேறிய முதல் நாடகம் பழங்கால கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் ‘ஈடிபஸ் அரசன்’. கதை நடக்கும் தீப்ஸ் நகரத்துக்கு ஏழு வாயில்கள். மேடைத் தெருக்களும் ஏழு.

கேள்வி: ரோமானிய அரங்குகளில் இருக்கைகள் அரைவட்டமாக இருக்கும் என்று படித்தேன். இங்கே தட்டையாக இருப்பது ஏன்?

பதில்: இடம் போதவில்லை. பழைய கோட்டையும் சிறையுமாக இருந்த கட்டடத்துக்குள் அகலம் கிடைத்தது, ஆழம் கிடைக்கவில்லை. முழு அரைவட்டம் போட்டால் மேடை சுருங்கியிருக்கும். ஆகவே பல்லாடியோ அதை அரை நீள்வட்டமாக அழுத்தினார். மரப்படிகளுக்கு மேலே ஓடும் தூண் வரிசையைக் கவனித்துப் பாருங்கள். சில இடங்களில் தூண்கள் தனித்து நிற்கும்; பின்சுவர் நெருங்கும் நடுப்பகுதியில் அவை சுவரோடு ஒட்டி, இடையில் மாடமும் சிலையும் வந்துவிடும். இடநெருக்கடியை இவ்வளவு அழகாக மறைத்த கட்டடம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

கேள்வி: மறுபடி போனால் எதைப் பார்க்க வேண்டும்? குளிர்காலத்தில் நாடகம் உண்டா?

பதில்: குளிர்காலத்தில் நாடகம் கிடையாது. மரமும் சுதையும் கெட்டுவிடும் என்பதால் வெப்பமூட்டும் வசதி வைக்கவில்லை. இளவேனிலும் இலையுதிர்காலமும்தான் நாடகப் பருவம். பகலில் பார்க்கப் போவதானால் திங்கட்கிழமையைத் தவிருங்கள், பொதுவாக விடுமுறை. முதலில் நடுவரிசையில் மேல்படியில் உட்காருங்கள். பிறகு ஓரத்துக்குப் போய், அங்கிருந்து எந்தத் தெரு நேராகிறது என்று தேடுங்கள். மேடைச் சுவர் பளிங்கு போலத் தெரியும், அதுவும் மரமும் சுதையும்தான். அதன் உச்சி வரிசையில் ஹெர்குலிஸின் சாகசங்கள் புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன; அரங்கைக் கட்டிய ஒலிம்பிக் அகாதெமி என்ற அறிஞர் சங்கத்துக்கு அவர்தான் காவல் தெய்வம்.

அவசரத்தில் பலர் தாண்டிப்போவது நுழைவுப் பக்கத்து அந்தியோதியோ அறையை. அதன் சுவரின் மேல்பகுதியில் ஒரே வண்ணச் சாயலில் தீட்டிய ஓவியம் ஒன்றில், 1585 கோடையில் இந்த அரங்குக்கு வந்த ஜப்பானிய இளைஞர்களைக் காணலாம். அவர்கள் யேசு சபைப் பள்ளி மாணவர்கள்; ஐரோப்பாவுக்கு வரும் வழியில் கொச்சியிலும் கோவாவிலும் தங்கியவர்கள்.