அம்மாவின் கை தப்பும் இடம்

கேள்வி: குன்னூர் பக்கம் எஸ்டேட் ஊரில் இருக்கிறேன். கர்நாடக சங்கீதம் படித்து, மார்கழியில் கோயில்களில் பாடுகிறேன். 30, 40 பேர்தான் வருகிறார்கள். மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்துவிடுகிறார்கள். இருப்பவர்கள் சினிமாப் பாட்டு கேட்கிறார்கள். அம்மா கொழுந்து பறித்துவிட்டு நேராக வந்து, முன்னால் உட்கார்ந்து தப்பும் தவறுமாகத் தாளம் போடுவார். போன தடவை மிஸ்ர சாபு தாளத்தில் பாடும்போது பக்கத்தில் சிரித்தார்கள். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த ஊரில் ரசிகர்களை எப்படி உருவாக்குவது?

பதில்: இருந்த ஒரு ரசிகையை நீங்களே எழுப்பி அனுப்பிவிட்டு இதைக் கேட்கிறீர்கள். நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து கிள்ளிய கை, வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்காமல் உங்கள் பாட்டுக்குத் தாளம் போட வந்தது. யாரோ சிரித்ததற்காக அதை நிறுத்தச் சொன்னீர்கள். பெற்றவளைச் சபையில் குறைவாக நினைத்துக்கொண்டு சாமி பாட்டுப் பாடுவதை என்னால் ஏற்க முடியாது. முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

அந்தக் கை எங்கே தப்புகிறது என்று ஒரு நாளாவது கவனித்தீர்களா? 8 எண்ணிக்கையுள்ள ஆதி தாளத்தில், சமத்தில், அதாவது முதல் தட்டிலேயே எடுத்த பாட்டுக்கு யார் கையும் ஒட்டிக்கொள்ளும். அரை இடம் தள்ளி எடுத்தால் புதியவர் தடுமாறுவார். மிஸ்ர சாபு 3, 4 என்று 7 எண்ணிக்கையில் நடப்பது. இரண்டிரண்டாகத் தட்டுபவருக்கு ஒன்று மிஞ்சும். அம்மா தவறும் இடத்தில்தான் மற்ற 30 பேரும் பாட்டை விட்டு விலகுகிறார்கள். அவர்கள் கை சால்வைக்குள் இருப்பதால் உங்களுக்குத் தெரிவதில்லை. இனி அவர் கையைப் பார்த்துப் பாடுங்கள். வீட்டில் தினமும் 10 நிமிடம் ‘தகிட தகதிமி’ என்று சொல்லி, ‘தகிட’வுக்கு ஒன்று, ‘தக’வுக்கு ஒன்று, ‘திமி’க்கு ஒன்று தட்டப் பழக்குங்கள்.

கச்சேரி ஒன்றரை மணி நேரம் போதும். தொடக்க உருப்படியான வர்ணம் 5 நிமிடம். அடுத்த இரண்டும் தமிழில், சமத்தில் எடுப்பவையாக இருக்கட்டும். பிரதான உருப்படியை 35ஆவது நிமிடத்திலாவது தொடங்கிவிடுங்கள். தனி 8 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். எஸ்டேட்டுக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள். அந்த நேரத்தில் தனியை வைத்துக்கொண்டு ஊருக்கு ரசனை இல்லை என்று சொல்வது அநியாயம். சினிமாப் பாட்டு கேட்பவருக்குக் கடைசியில் காவடிச்சிந்து பாடுங்கள். அவர் தேடுவது கால் தட்ட ஒரு நடை. இன்றைய கச்சேரி முறையை வகுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்காரே (1890–1967) கடைசியில் பாடும் சிறு பாட்டான துக்கடாவுக்கு இடம் வைத்திருந்தார்.

இன்னொன்று. பனி ஈரத்தில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், சுருதிப்பெட்டி இறங்காது. சங்கீதம் தெரியாதவர் காதிலும் அது உறுத்தும். அரை மணி முன்பே மிருதங்கத்தை மண்டபத்தில் வைத்து, அங்கேயே சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். நெருப்பருகே காட்டினால் வலந்தலைச் சோறு, அதாவது வலது பக்கத் தோலில் இருக்கும் கருப்புப் பூச்சு, வெடித்துவிடும்.

அடுத்த கச்சேரியில் அம்மா முன்னால்தான் உட்கார வேண்டும். மிஸ்ர சாபு வரும்போது, பாடுவதற்கு முன் நீங்களே இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, எல்லோருக்கும் தெரியத் தட்டிக் காட்டுங்கள். அவர் கை சேர்ந்த பிறகு பல்லவியை எடுங்கள்.