எறும்பு ஏறும் செடிகள்: வாசகர் கேள்விகள்

செம்பருத்தி மொட்டில் எப்போதும் எறும்பு மொய்க்கிறது. பூவைத் தின்றுவிடுமா? (ஈரோடு)

தின்னாது. அங்கே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும், இரண்டும் செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சிகள். அது கழிக்கும் இனிப்பு நீருக்குத்தான் எறும்பு வருகிறது. காம்படியைத் திருப்பிப் பாருங்கள்.

பூச்சிக்கு என்ன மருந்து அடிக்கலாம்?

எந்தச் செடி, எந்தப் பூச்சி? இரண்டையும் எழுதாமல் மருந்து மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது?

கொய்யாவில் மாவுப்பூச்சி. பெரிதாக, வேகமாக ஓடுபவற்றைத் தேடித்தேடி நசுக்குகிறேன். மூன்று முறை மருந்தும் அடித்தேன். குறையவில்லை. (திண்டுக்கல்)

ஐயோ, வேகமாக ஓடுவது மாவுப்பூச்சியே இல்லை! கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு அது. மாதம் இரண்டு பேராவது இதே தவறைச் செய்கிறார்கள், எனக்கு மனசு ஆறுவதில்லை. உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை நீட்டிக்கொண்டிருப்பதால் எறும்பேகூட பெரும்பாலும் ஏமாந்துவிடும். ஒரு புழு நூற்றுக்கணக்கில் மாவுப்பூச்சி முட்டையும் குஞ்சும் தின்னும். குச்சியால் தொட்டுப் பாருங்கள்: மாவுப்பூச்சி மெல்ல நகரும், இது விறுவிறுவென ஓடும்.

மருந்தை நிறுத்துங்கள். 2008 வாக்கில் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது மருந்தால் அடக்க முடியவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவிதான் (மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சின்னக் குளவி) அடக்கியது. உங்கள் மரத்திலும் குளவி வரும், வண்டு வரும். ஆனால் இனிப்புக்காகக் காவல் நிற்கும் எறும்பு அவற்றை விரட்டிவிடும். அதனால் முதலில் எறும்பைத் தடுங்கள். அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் துணி சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவாதீர்கள். சுவரைத் தொடும் கிளையையும் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வழியாக ஏறிவிடும்.

மாமரத்தில் முசுறு (இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு) கூடு கட்டியிருக்கிறது. கலைக்கலாமா? (நாகர்கோவில்)

முசுறு காய்ப்புழு, இலைப்புழு எல்லாவற்றையும் பிடித்துத் தின்னும். சீனாவில் 1,700 வருடமாக ஆரஞ்சுத் தோட்டத்துக்கு இதைக் காவல் வைக்கிறார்கள். ஆனால் இனிப்பு நீருக்காகச் செதில்பூச்சியையும் (இலையில் செதில்போல ஒட்டிச் சாறு உறிஞ்சும் பூச்சி) சேர்த்துக் காக்கும். இலையைத் திருப்பிப் பாருங்கள். செதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எலுமிச்சைக் கொழுந்தில் தட்டையான பச்சைப் புழு, மேலே எறும்பு. கடிக்கிறதா? (தென்காசி)

இல்லை, நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். அது நீலன் வகைப் பட்டாம்பூச்சியின் புழு. எறும்பு உணர்கொம்பால் முதுகைத் தட்டினால் பின்பக்கம் ஒரு துளி இனிப்பு நீர் வரும். அதைக் குடித்துவிட்டுப் புழுவைக் காவல் காக்கும். கொழுந்து பத்து போனாலும் மரம் தாங்கும். கிள்ளிப் போடாதீர்கள்.