எக்சிகியூட்டிவ் செஃப் சம்பளம்: மன்னார்குடித் தம்பிக்கு மெல்போர்னிலிருந்து ஒரு பதில்

மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டரிங் படித்துவிட்டு சென்னை ஹோட்டல் ஒன்றில் சி.டி.பி.யாக, அதாவது கிச்சனில் ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்ளும் செஃபாக இருக்கிறார். ‘ஆஸ்திரேலியாவில் எக்சிகியூட்டிவ் செஃப் மாதம் 5 லட்சம் வாங்குவாராம், அந்த வேலைக்கே அனுப்புகிறேன், 12 லட்சம் கொடு என்கிறார் ஏஜென்ட். அப்பா மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) நிலத்தை விற்கலாம் என்கிறார். போகலாமா அண்ணா?’

தம்பி, நானும் வலங்கைமான் பக்கம்தான். மூன்று மா என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த 5 லட்சம் பொய் இல்லை. ஆனால் யாருக்கு அந்தச் சம்பளம், எந்த மாதிரிக் கிச்சனில் என்பதை ஏஜென்ட் சொல்லவில்லை. இங்கே சம்பளத்தை வருடக் கணக்கில்தான் பேசுவார்கள். பெரிய ஹோட்டல், பெரிய கிளப், நாலைந்து உணவகங்களைச் சேர்த்து நடத்தும் கம்பெனி, இவர்கள்தான் எல்லாக் கிச்சனையும் மேலிருந்து நிர்வகிக்கும் எக்சிகியூட்டிவ் செஃப் வைப்பார்கள். பொதுவாக 1,10,000 முதல் 1,50,000 ஆஸ்திரேலிய டாலர் வரை விளம்பரம் வரும். ஒரு கிச்சனுக்குத் தலைவரான ஹெட் செஃபுக்கு 85,000 முதல் 1,05,000. அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் சூ செஃபுக்கு 75,000 முதல் 85,000. உங்களைப் போன்ற சி.டி.பி.க்கு 65,000 முதல் 75,000. டாலரை 56 ரூபாயாக வைத்தால் 1,10,000 டாலர் என்பது மாதம் 5 லட்சத்தைத் தாண்டும். வருமான வரி போக ஏறக்குறைய 4 லட்சம் நிற்கும். மெல்போர்னில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாரம் 500, 600 டாலர் வாடகை. வாரத்துக்கு, மாதத்துக்கு இல்லை.

இவ்வளவு கொடுப்பது சமையல் ருசிக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வாரம் 80,000 டாலர் வியாபாரம் நடக்கும் கிச்சனை எடுத்துக்கொள்வோம். மளிகை, காய்கறி, கறி, மீன் எல்லாம் சேர்த்து ஃபுட் காஸ்ட் 30 சதவீதத்தில் நிற்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருப்பார். அது 33க்கு ஏறினால் வாரம் 2,400 டாலர் போச்சு. வருடத்துக்கு 1,24,800 டாலர். எக்சிகியூட்டிவ் செஃபின் சம்பளமே அவ்வளவுதான். அந்த மூன்று சதவீதத்தை விடாமல் பிடித்து வைக்கிறவருக்குத்தான் அந்தச் சம்பளம். நம் ஊர்க் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டரை நினைத்துப் பாருங்கள். கரண்டியைப் பிடிப்பது அவருடைய ஆட்கள். ஆயிரம் இலைக்கு எத்தனை படி அரிசி, எத்தனை தேங்காய், எத்தனை ஆள் என்று மிச்சமும் இல்லாமல் பற்றாக்குறையும் இல்லாமல் பட்டியல் போடுவதுதான் அவர் வித்தை. இங்கேயும் ரோஸ்டர் (யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியல்) போடுவது, சப்ளையரிடம் விலை பேசுவது, மெனுவில் எந்த ஐட்டம் லாபம் தருகிறது என்று பார்ப்பது, இதிலேயே பாதி நாள் போய்விடும்.

அடுத்தது வேலையின் பெயர். நாற்பது பேர் உட்காரும் கடையிலும் லெட்டரில் ‘எக்சிகியூட்டிவ் செஃப்’ என்று போட்டுக் கொடுப்பார்கள். உள்ளே தந்தூர், கிரேவி, பாத்திரம் எல்லாம் உங்கள் தலையில்தான். பெயரைப் பார்க்காதீர்கள், மணிக்கணக்கைப் பாருங்கள். முதலாளி ஸ்பான்சர் செய்யும் 482 விசாவுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை வருடத்துக்கு 76,515 டாலர். ஒவ்வொரு ஜூலையிலும் ஏற்றுகிறார்கள். வாரம் 38 மணி நேரம் என்றால் அது மணிக்கு 38 டாலருக்கு மேல் வரும். அதே சம்பளத்துக்கு வாரம் 55 மணி நேரம் வேலை வாங்கினால் மணிக்கு 27 டாலர்கூட வராது. அதே காலத்தில் இந்த நாட்டில் வயது வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 24.95 டாலர். அதாவது செஃப் என்ற பெயரில் கிட்டத்தட்ட அடிமட்டக் கூலி. வேண்டுமென்றே கூலியைக் குறைத்துக் கொடுப்பது 2025 ஜனவரியிலிருந்து இங்கே கிரிமினல் குற்றம். இருந்தாலும் விசா போய்விடுமோ என்ற பயத்தில் நம் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. எனக்கு இதில்தான் மனசு ஆறவில்லை. ஒரு முதலாளியை விட்டு விலகினால் அடுத்த ஸ்பான்சரைத் தேட ஒரே மூச்சில் 180 நாள் வரை அவகாசம் உண்டு. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 12 லட்சம். ஸ்பான்சர்ஷிப்புக்காகப் பணம் கேட்பதும் தப்பு, கொடுப்பதும் தப்பு. தெரிந்தால் உங்கள் விசாவையே ரத்து செய்யலாம். முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய பயிற்சி லெவியை வேலையாள் தலையில் கட்டவும் கூடாது. விசா கட்டணம், பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட் வாங்கும் ஃபீஸ், இவை வேறு. ரசீது கேட்டுப் பாருங்கள். ‘ரசீதெல்லாம் தர முடியாது’ என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். குறுவை போட வேண்டிய நிலத்தை இதற்காக விற்க வேண்டாம் என்று அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

வேறு நாடு பார்க்கலாமா என்றால், இங்கிலாந்தில் 2025 ஜூலை 22க்குப் பிறகு வெளியிலிருந்து புதிதாக வரும் செஃப்களுக்கு வேலை விசா இல்லை. வளைகுடாவில் வருமான வரி கிடையாது, சாப்பாடும் தங்குமிடமும் பெரும்பாலும் அவர்களே கொடுப்பார்கள், ஆனால் அங்கேயே குடியேறிவிட முடியாது.

சி.டி.பி.யிலிருந்து நேராக எக்சிகியூட்டிவ் செஃப் ஆக யாராலும் முடியாது. சூ செஃப், ஹெட் செஃப் என்று ஏற எட்டு, பத்து வருடம் ஆகும் என்பது என் கணிப்பு. அதனால் சென்னையிலேயே இன்னும் கொஞ்ச காலம் இருந்து சூ செஃப் ஆகிவிட்டு வாருங்கள். உங்கள் செஃபிடம் கேட்டு இன்டென்ட் (தேவையான சாமான் பட்டியல்) போடுவது, மாதக் கடைசி ஸ்டாக் எடுப்பது, ரெசிபி காஸ்டிங் (ஒரு ஐட்டத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிடுவது) மூன்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே இன்டர்வியூவில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஆஃபர் லெட்டர் வந்தால் சம்பளம், வார மணி நேரம், சூப்பர் எனப்படும் 12 சதவீத ஓய்வுக்கால நிதி சம்பளத்துக்கு உள்ளேயா வெளியேயா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழுதுங்கள்.