கரண்ட் போன மொட்டை மாடி

அண்ணே, எம் பொண்ணுக்கு 12 வயசு, ஸ்கூல் பாஸ்கெட்பால் டீம்ல சேர்ந்திருக்கா. வீட்ல பிராக்டிஸ் பண்ண ஸ்டாண்டோட ஹூப், அதான் பந்து போடுற வளையம், கேட்டா 15 ஆயிரம் சொல்றாங்க. 3 ஆயிரத்துக்குள்ள வழி இருக்கா, எந்த பிராண்ட் நல்லது? ஹைட் பத்தாதுன்னு வேற சொல்றாங்க. நான் வீடு வர லேட்டாகும், அவளே தனியா பண்ற மாதிரி சொல்லுங்க.
ஒரு அப்பா, மதுரை

தம்பி,

பிராண்டெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க. ரப்பர் பந்து ஒண்ணு போதும், 6ஆம் சைஸா பார்த்து வாங்குங்க, லேடீஸ் ஆட்டத்துக்கு அதான், 7 அவ கைக்கு பெருசு. ஹைட் பேச்சை விடுங்க, பன்னெண்டு வயசுல யாரு வளர்ந்து முடிச்சா?

ஹூப்பும் இப்ப வேணாம். போன வாரம் எங்க கிரவுண்ட்ல பசங்க ஆடுனதப் பார்த்தேன், அத்தன பேரும் பந்தையே குனிஞ்சு பார்த்துட்டு தட்டுறானுக, பக்கத்துல ஒருத்தன் கையத் தூக்கிட்டு ஃப்ரீயா நிக்கிறது கண்ணுல படல. அந்தக் கடுப்புல இருந்தப்பதான் உங்க லெட்டர் வந்துச்சு.

நாங்க பெரிய சைக்கிள் ரிம்ம சுவத்துல கட்டி ஷூட் பண்ணவங்க. நெஜ வளையம் உள்ளளவு 45 சென்டிமீட்டர்தான், எங்க ரிம்மு அதைவிட நல்லாவே அகலம். எங்க தெருவுல நான் பெரிய ஷூட்டர், செலக்‌ஷன்ல போய் நின்னா போட்டதெல்லாம் டங் டங்குனு விளிம்புல பட்டு திரும்பி வருது. ஆனா டிரிபிளிங்ல, அதான் பந்தத் தட்டிக்கிட்டே போறதுல, ஒருத்தனும் கிட்ட வரல, அதுக்கு கரண்ட் கட்டுக்குத்தான் நன்றி சொல்லணும். மொட்டை மாடி இருட்டுல பந்து எங்க தெரியுது, முட்டிய மடக்கி, இடுப்புக்கு மேல எழும்ப விடாம, சிமெண்ட்ல படுற சத்தத்தையும் விரல் நுனில உரசுற சொரசொரப்பையும் நம்பித்தான் தட்டணும். இடது கைன்னா கேக்கவே வேணாம், பந்து ஓடிப்போய் தண்ணி டேங்க் அடில பூந்துக்கும், தவழ்ந்து போய் தேடணும், கீழ் வீட்டு பெரியம்மா ஒட்டடைக் கம்பால சீலிங்க இடிப்பாங்க.

உங்க பொண்ணு இருட்டுல ஆட வேணாம். இடது கைல தட்டட்டும், நீங்க எதிர்ல நின்னு விரலக் காட்டுங்க, எத்தனைன்னு குனியாம சொல்லணும். தனியாவாம்ல தனியா! லேட்டா வந்தாலும் அந்தப் பாழாப்போன மொபைல நோண்ட நேரம் இருக்குல்ல, அதுல கால் மணி நேரம் குடுங்க. ஷூட்டிங் வேணும்னா மல்லாக்கப் படுத்து ஒத்தக் கையால மேல போடட்டும், கைய நகட்டாமலே திரும்ப கைலயே வந்து விழணும்.

கீழ் வீட்ல முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வச்சுருங்க. எங்க பெரியம்மா மூணு ஒட்டடைக் கம்பு உடைச்சாங்க.